காலிக் கோட்டை வீடுகள்: ஒல்லாந்தர் பெயரும் சோனகர் குடியிருப்பும்

காலிக் கோட்டைக்குள் ஒரு வீடு விலைக்கோ குத்தகைக்கோ வரும்போது அதற்கென எழுதப்படும் விளம்பரங்களைச் சேர்த்து வைத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். அநேகமானவற்றில் 'ஒல்லாந்தர் காலத்து வீடு' என்பது முதல் வரியிலேயே வந்துவிடும். தடித்த சுவர், உயர்ந்த கூரை, தூண் நிறுத்திய விறாந்தை, வானம் தெரியும் நடுமுற்றம், பழைய தேக்குக் கதவு என்பன அடுத்தடுத்து வரும். நவீன வசதிகளோடு பழமையின் அழகையும் அனுபவித்து வாழலாம் என்ற உறுதிமொழியும் கூடவே இருக்கும். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பது மட்டும் இருக்காது.

ஒல்லாந்தர் காலியை ஆங்கிலேயரிடம் கையளித்தது 1796ஆம் ஆண்டில். வெளிநாட்டவர் கோட்டை வீடுகளைத் தேடி வாங்கத் தொடங்கியது 1990களின் பிற்பகுதியில். இடையில் இருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இருநூறு ஆண்டுகளும் வீடுகள் பூட்டிக் கிடக்கவில்லை. அவற்றுள் கணிசமானவற்றில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, ஓடு மாற்றி, சுண்ணாம்பு பூசி, பிள்ளை பெற்று, மையித்து எடுத்தவர்கள் சோனகர்கள். இன்று விலைபோகும் பழமையில் அவர்களது பங்கு யாது, அவ்வீடுகள் அவர்கள் கையைவிட்டு எவ்வாறு போயின என்பதே இக்கட்டுரையின் விடயம்.

காலிக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள தொடர்பு கோட்டையைவிடப் பழையது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா 'காலி' என்ற சிற்றூரைக் கடந்து சென்றதைப் பதிவு செய்துள்ளார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டும் காலியிலேயே கிடைத்தது. 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்ட அக்கல், 1911இல் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பாரசீகப் பகுதி இஸ்லாத்தை முன்னிறுத்திப் பேசுகின்றது. பாரசீகத்தை வாசிக்கக்கூடிய ஒரு கூட்டம் இந்தத் துறைமுகத்தில் அன்று இருந்திராவிட்டால் அவ்வளவு பெரிய கல்லை மெனக்கெட்டுச் செதுக்கிக் கப்பலேற்றிக் கொண்டு வந்திருப்பார்களா?

போர்த்துக்கேயர் 1588இல் சிறியதோர் அரணைக் கட்டினர். 1640இல் காலியைப் பிடித்த ஒல்லாந்தர் அதனைப் பெருப்பித்து, முனை முழுவதையும் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே நேர்கோட்டுத் தெருக்களை வகுத்தனர். கடலின் ஏற்ற வற்றத்தால் கழிவு நீரைக் கழுவிச் செல்லும் நிலத்தடி வாய்க்கால்களையும் அமைத்தனர். கயிறு திரித்த இடம் லெயின் பான் வீதியாயிற்று. பெட்லர் வீதியின் பழைய ஒல்லாந்துப் பெயருக்குச் சோனகச் சில்லறை வியாபாரிகளின் தெரு என்பது பொருள். ஆக, ஒல்லாந்தர் காலத்திலேயே நம்மவரின் தலைச்சுமை வியாபாரத்துக்கு ஒரு தெருப்பெயர் கிடைத்திருந்தது. ஆனால் தெருவில் விற்பது வேறு, தெருவில் வீடு வைத்திருப்பது வேறு. சோனகரைத் தமது வியாபாரத்துக்குப் போட்டியாகவே ஒல்லாந்துக் கம்பனி கருதியது. கொழும்பில் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு, காணி வைத்திருக்கலாகாது என்றிருந்த தடை ஆங்கிலேயர் காலத்தில், 1832இலேயே நீங்கிற்று. ஒல்லாந்தருடைய வீடுகள் என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுபவற்றுக்குள் சோனகர் உரித்தோடு குடிபுகுந்த வரலாறு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரலாறேயாகும்.

அந்த நூற்றாண்டில் காலி இலங்கையின் முதன்மைத் துறைமுகமாக இருந்தது. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்கு இங்கு தரித்து நின்றன. கரைக்கு வந்த பிரயாணிகளுக்கு மாணிக்கமும் ஆமையோட்டுச் சீப்பும் தந்தச் சாமான்களும் விற்றவர்களில் பெரும்பாலோர் சோனகர். ஓ. எல். எம். மாக்கான் மாக்கார் தமது மாணிக்க வியாபாரத்தை 1860இல் தொடங்கியதும் காலியிலேதான். வியாபாரத்தில் வந்த காசு வீடுகளுக்குள் போயிற்று. பறங்கியர் குடும்பங்களிடமிருந்து வீடுகள் சோனகர் கைக்கு மாறத் தொடங்கின.

இங்கு ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 'ஒல்லாந்த வீடு' என்று நமது கண்ணுக்குத் தெரிவதில் எவ்வளவு உண்மையில் ஒல்லாந்தருடையது? அடித்தளமும், முருகைக்கல்லையும் கபுக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய தடித்த சுவர்களும், அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிச் செல்லும் அமைப்பும் அவர்கள் காலத்தவை எனலாம். தெருமுகப்பில் அவர்கள் வைத்தது 'ஸ்தூப்' எனப்பட்ட உயர்ந்த திறந்த திண்ணை. சிங்களத்தில் முன்விறாந்தையைக் குறிக்கும் 'இஸ்தோப்புவ' என்ற சொல் இதிலிருந்து வந்ததுதான். வரிசையாகத் தூண் நிறுத்திக் கூரையைத் தாழ இறக்கிய நீண்ட விறாந்தை, பல வீடுகளில் பிற்காலத்துச் சேர்க்கை. தட்டையான மங்களூர் ஓடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவிலிருந்து வந்து பழைய பீலி ஓட்டின் இடத்தைப் பிடித்தது. மேல்மாடிகளும் பிந்தியவை. விறாந்தைக்கு முன்னால் வெயிலையும் பார்வையையும் தடுத்த மரப்பின்னல் தட்டிகள் குடியிருந்தவர்களின் தேவையினால் வந்தவை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் விளம்பரத்தில் படம் போடுவதற்கு அதிகம் மிஞ்சாது.

ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் வீட்டை விட்டுப் போனாலும் வீட்டுச் சாமான்களின் பெயர்களை நமது வாயில் விட்டுச் சென்றனர் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். கதிரை, மேசை, அலுமாரி, சன்னல், குசினி எல்லாம் போர்த்துக்கேயம். லாச்சியும் கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்து. வகுப்பில் இதனைச் சொன்னால் பிள்ளைகள் கடைசிச் சொல்லுக்கு மட்டும் சிரிப்பார்கள்.

நடுமுற்ற வீடு சோனகக் குடும்பத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியதற்குக் காரணமுண்டு. முன்விறாந்தையும் முதல் மண்டபமும் ஆண்களுக்கும் வெளியாருக்கும் உரியவை. மாணிக்கம் பார்க்க வந்தவர் அங்கேயே இருந்து, பார்த்து, பேரம் பேசிப் போய்விடலாம். அதற்கப்பால் திரை. திரைக்குப் பின்னால் முற்றமும் அதனைச் சுற்றிய அறைகளும் கிணறும் குசினியும் பெண்களின் உலகம். தெருவுக்குப் போகாமலே காற்றும் வெளிச்சமும் வானமும் கிடைத்தன. மழைத்தண்ணீர் முற்றத்தில் விழுந்தது, நெல்லும் மிளகாயும் அங்கேயே காய்ந்தன. கலியாணத்தில் பெண்களுக்குப் பந்தி விரித்ததும், மௌலூதுக்குச் சஹன் வைத்ததும், கத்தத்துக்கு ஆட்கள் நிரம்பியபோது பாய் போட்டதும் அந்த முற்றத்தைச் சுற்றித்தான். இன்று சஞ்சிகைப் படங்களில் ஒரேயொரு அரலிய மரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியுமாகக் காட்சி தரும் முற்றம், வீட்டிலேயே அதிகம் வேலை நடந்த இடம்.

பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்திருப்பதும் கிழக்கில் மட்டுமுள்ள வழக்கம் என்று எண்ணுவோர் உளர். காலிச் சோனகரிடத்திலும் அது வேரூன்றிய வழக்கமே. மகளுக்கு வீடு எழுதிக் கொடுத்தால் தாயும் மகளும் பேத்தியும் அதே முற்றத்தைச் சுற்றி வாழ்வர். இரண்டு மகள்மார் இருந்தால் நடுவே சுவர் எழும்பும், இல்லாவிடில் முன் பாதி மூத்தவளுக்கும் பின் பாதி இளையவளுக்கும் ஆகும். ஒரே வாசலுக்குள் இரண்டு அடுப்பு எரிந்த வீடுகள் இவ்வாறு உண்டானவை.

காலியின் செழிப்பு நீண்ட காலம் நிலைக்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் அது நிறைவெய்தியதும் கப்பல்கள் கொழும்புக்குப் போயின. பெரிய மாணிக்க வியாபாரிகளும் கப்பலின் பின்னால் போயினர். மிஞ்சியவர்கள் நடுத்தர வியாபாரிகளும் அவர்களின் குடும்பங்களும். எனினும் கோட்டைக்குள் முஸ்லிம் சமூகம் அக்காலத்தில்தான் தனது நிலையங்களை ஆழ ஊன்றியது என்பது வியப்புக்குரியது. பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி 1892இல் தோன்றியது. தூரத்தில் நின்று பார்ப்போர் தேவாலயம் என்று மயங்கும் தோற்றமுடைய மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் 1904இல் எழுந்தது.

பின்வந்த காலம் மந்தமானது. 1956க்குப் பின் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களது வீடுகளும் பல குறைந்த விலைக்குக் கைமாறின. 1972இன் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டிப் போட்டது. 1973இன் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கு எல்லை வகுத்தது. வாடகை கூடாத வீட்டைப் புதுப்பிக்க எந்த உரிமையாளர் காசு செலவிடுவார்? கூரை ஒழுகியது, மரம் உளுத்தது. ஆனால் இடித்துவிட்டுக் கொங்கிரீட் மாடி எழுப்பவும் ஒருவரிடமும் பணமில்லை. கொழும்பின் பழைய வீடுகள் பணம் வந்ததால் அழிந்தன, காலிக் கோட்டையின் வீடுகள் பணம் வராததால் தப்பின. கோட்டை நூலகத்தில் நெடுங்காலம் நூலகராயிருந்த நோரா ரொபர்ட்ஸ் 1993இல் காலியைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலின் பெயரே, அது உறங்குவது போல் அமைதியாயிருக்கும் ஊர் என்பதைச் சொல்லுவது. அந்த உறக்கத்தின் செலவை ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைத்துக் கொடுத்தவர்கள் வீட்டுக்காரர்கள்.

1988இல் யுனெஸ்கோ காலியின் பழைய நகரையும் அரண்களையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1994இல் காலி மரபுரிமை மன்றம் தனிச் சட்டத்தின் மூலம் தாபிக்கப்பட்டது. பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் குடியிருந்தவருக்கு அதன் அர்த்தம் வேறொன்றாகவும் இருந்தது. இளைய மகளுக்கு மேலே ஓர் அறை எடுக்க வேண்டுமானால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், வரைபடம் வேண்டும், பழைய முறையில் சுண்ணாம்பும் மரமும் ஓடும் வேண்டும். சீமெந்தும் தகரமும்தான் கட்டுப்படியாகும் என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கு இவை எட்டாதவை. கட்டடக் கலைஞரை அமர்த்திக்கொள்ளக்கூடிய ஒருவருக்கு இவை எதுவும் தடையாகா. ஒரே விதி ஒருவருக்கு வேலியாகவும் மற்றவருக்கு அவர் வாங்கும் சொத்தின் மதிப்பைக் காக்கும் காவலாகவும் அமைந்தது. தெருவில் ஒரு வீடும் உருமாறாது என்ற உத்தரவாதத்துக்குத்தானே வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கிறார்!

சந்தை திறந்த கதையைச் சட்டங்களின் வழியே சுருக்கமாகச் சொல்லலாம். வெளிநாட்டவர் இங்கு காணி வாங்கினால் அதன் பெறுமதிக்கு நூற்றுக்கு நூறு வரி செலுத்த வேண்டும் என்று 1963இலிருந்து ஏற்பாடு இருந்தது. 2002இல் அது நீக்கப்பட்டது. அந்த இரண்டாண்டு இடைவெளியில் கோட்டை வீடுகள் வேகமாகக் கைமாறின. 2004இல் வரி மீண்டும் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி காலி பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் அள்ளிச் சென்றபோது, மதில்களின் தயவால் கோட்டையின் உட்புறம் பெரும்பாலும் தப்பியது. மதிலுக்கு வெளியே முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்த கட்டுகொட போன்ற இடங்கள் அழிவைக் கண்டன. பழைய மதிலுக்குள் இருக்கும் வீடு பாதுகாப்பானது என்பதும் விலையில் ஏறிற்று. 2007இல் காலி இலக்கிய விழா ஆரம்பித்தது, 2009இல் யுத்தம் முடிந்தது, உல்லாசப் பிரயாணிகள் பெருகினர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றுவதைப் பொதுவாகத் தடை செய்து, 99 ஆண்டு வரையான குத்தகைக்கு இடம் வைத்தது. அதற்குள் போக வேண்டியவை பல போய்விட்டன. பின்னர் வாங்கியவர்களில் கொழும்புப் பணக்காரரும் அடங்குவர்.

ஆனால் சட்டமும் வெளிநாட்டுப் பணமும் மட்டுமே இதனைச் செய்யவில்லை. விற்பனைக்கான வித்து வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1931இன் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, மரண சாசனமின்றி இறப்பவரின் சொத்து ஷரீஅத் முறைப்படி பங்காகும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பேர்ச்சஸ் வீடு. வாப்பா மௌத்தாகிறார். உம்மா, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழில், ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாக, ஆண்கள் ஒவ்வொருவருக்கும் எட்டில் இரண்டு, பெண்கள் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒன்று. கணக்கு அழகாக முடிந்துவிட்டது. ஆனால் எட்டில் ஒன்று என்பது ஒன்றரைப் பேர்ச்சஸ், ஏறத்தாழ நானூறு சதுர அடி. அது விறாந்தையா, முற்றமா, கிணறா? அடுத்த தலைமுறையில் இந்த எட்டு, அறுபதாய் எழுபதாய் உடையும். பங்காளிகளில் ஒருவர் கொழும்பில், ஒருவர் சவூதியில், ஒருவர் லண்டனில். கூரை மாற்ற யார் காசு போடுவது என்பதில் ஒருமைப்பாடு வராது, விற்பதில் மட்டும் வரும். வராவிட்டாலும் 1977இன் பிரிவிடல் சட்டப்படி ஒரு பங்காளி நீதிமன்றம் போனாலே போதும். வெட்டிப் பிரிக்க முடியாத வீடு விற்பனைக்குத்தான் வரும்.

முன்னைய காலத்தில் இதற்கு மருந்தாக இருந்தவை இரண்டு. வாப்பா உயிரோடிருக்கும்போதே மகள் பேரில் நன்கொடை உறுதி முடித்துவிடுவது ஒன்று. வக்பு செய்துவிடுவது மற்றது. முதலாவது வழக்கம், வீட்டுக்குப் பதிலாகக் காசாகவே சீதனம் கேட்கும் காலம் வந்தபோது நொந்துபோயிற்று. கோட்டை வீட்டை விற்றால் மூன்று மகள்மாருக்கும் மதிலுக்கு வெளியே மூன்று வீடு கட்டிக் கொடுக்கலாம் என்றால் எந்தத் தகப்பன் யோசிப்பான்? விற்றவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தலாப்பிட்டியவிலோ தெஹிவளையிலோ ஒழுகாத கூரையும் சொந்தக் குசினியும் கிடைத்த பெண்ணிடம் போய் மரபுரிமையைப் பற்றிப் பேசுவதற்கு முகம் வேண்டும்.

வாங்கியவர்களுக்குரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். விழும் நிலையிலிருந்த பல கூரைகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள். சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசன்மாருக்கும், பழைய மூட்டு வேலை தெரிந்த தச்சருக்கும் மறுபடி வேலை வந்தது. அவர்கள் விரும்பிய பாணிக்கு ஒரு பின்னணியும் உண்டு. தந்தை வழியில் முஸ்லிம் வேர் கொண்டவரான ஜெப்ரி பாவா 1960களின் ஆரம்பத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்கு நடுமுற்றத்தைச் சுற்றி ஒரு வீடு கட்டி, நமது பழைய வீடுகளின் அமைப்பை நவீன வாழ்க்கைக்குள் கொண்டு வந்தார். அந்தக் காணி கைமாறிய பின் 2009 முதல் அவ்வீடு பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு கலைஞனின் வீடு என்பதால் கல்லுக்குக்கூட இலக்கமிட்டுக் காத்தார்கள். கோட்டையில் சுவர்கள் அப்படியே நிற்கின்றன, கழன்று போனவை வேறு. அதற்கு இலக்கமிட ஆளில்லை.

கோட்டைக்குள் முஸ்லிம்கள் அற்றுப்போய்விட்டனர் என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் பாங்கு ஒலிக்கின்றது. அரபுக் கல்லூரி இயங்குகின்றது. லெயின் பான் வீதியில் மாணிக்க வியாபாரக் குடும்பமொன்று பழைய வீட்டைத் திருத்தி 1992இல் நூதனசாலையாகத் திறந்தது. தம் வீட்டின் முன்பகுதியைத் தாமே விருந்தினர் விடுதியாக்கிப் பின்பகுதியில் வாழ்வோரும் உளர். விற்பதற்கும் விழ விடுவதற்கும் இடையில் அவர்கள் கண்ட வழி இது. எனக்கு இது நல்ல வழியாகவே படுகிறது. விறாந்தை பழையபடி வெளியாருக்கு, முற்றம் வீட்டாருக்கு.

நம்மிடையே வரலாறு எழுதுவோர் பள்ளிவாசல்களையும் பிரமுகர்களையும் பற்றி எழுதிய அளவுக்கு வீடுகளைப் பற்றி எழுதவில்லை. அதற்கான சான்று இன்னும் அழியாமல் இருக்கிறது. வீட்டை விற்றவர்களின் அலுமாரி லாச்சிகளில் பழைய உறுதிகளின் பிரதிகள் உண்டு. விற்காதவர்களிடம் மூலமே உண்டு. காணிப் பதிவகத்தில் பதிவுகள் உண்டு. பழைய உறுதியின் கடைசியில் அட்டவணை என்றொரு பகுதி வரும். நான்கு எல்லையையும் அயலவரின் பெயரால் சொல்லுவது நொத்தாரிசுமாரின் வழக்கம்: வடக்கே இன்ன மரைக்காரின் வீடு, கிழக்கே இன்ன லெப்பையின் பிள்ளைகளுக்குரிய வளவு, தெற்கே இன்ன உம்மாவின் சீதன வீடு, மேற்கே தெரு. ஒரு தெருவிலுள்ள உறுதிகளை வரிசையாக அடுக்கினால் அந்தத் தெருவில் யார் யாருக்கு அடுத்து வாழ்ந்தார்கள் என்பது வீடு வீடாகத் தெரியவரும். புதிய உறுதிகளில் வடக்கேயும் கிழக்கேயும் தெற்கேயும் கம்பனிப் பெயர்கள் வருகின்றன. மேற்கே தெரு அப்படியே இருக்கின்றது.